நாலு குழம்பும் ஒரு ரசமும்

எதை வாயில் போட்டாலும் அந்த அக்கா கேட்கிற முதல் கேள்வி, "இது யார் கை?" என்பதுதான். ருசியாக இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் பிறகு. முதலில் செய்தவர் யார் என்று தெரிய வேண்டும். தெரிந்ததும், "அந்தக் கை நல்லா இருக்கணும்" என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த வாய்.

தொண்ணூறுகளின் ஆரம்பம். தாம்பரம் சானடோரியத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் வெளிநாட்டுக்காரர்கள் போட்டுக்கொள்ளும் சட்டைகளைத் தைத்துக்கொண்டிருந்தோம். நான் டிகிரி முடித்துவிட்டு, வீட்டில் உட்கார்ந்து அம்மாவோடு சண்டை போட்டு அலுத்துப்போய், செக்கிங் பிரிவில் சேர்ந்திருந்தேன். அக்கா காலர் தைப்பவர். காலரை எல்லார் கையிலும் கொடுக்க மாட்டார்கள். முனை கொஞ்சம் கோணினாலும் சட்டையே போச்சு. அதனால் கம்பெனி முழுக்க அவருக்குக் காலர் அக்கா என்றுதான் பெயர். சொந்தப் பெயர் அட்டெண்டன்ஸில் மட்டும் இருந்தது. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவரே, "யாரும்மா இது?" என்று கேட்பார்.

ஒல்லியான, உயரமான உடம்பு. சாப்பிடுவதெல்லாம் எங்கே போகிறது என்று எங்களுக்கெல்லாம் வயிற்றெரிச்சல். பகல் சாப்பாட்டு மணி அடிக்கப்போகிறது என்பதை நாங்கள் கடிகாரத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. அக்காவின் மெஷின் சத்தம் திடீரென்று வேகம் பிடிக்கும். அப்படியென்றால் அவருக்குப் பசி வந்துவிட்டது, மணி அடிக்கப்போகிறது என்று அர்த்தம்.

ஷெட்டுக்குப் பின்னால் ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் அடியில்தான் எங்கள் சாப்பாடு. நான் சேர்ந்த முதல் நாள் என் டப்பாவைத் திறந்து, மடியில் வைத்துக்கொண்டு, ஒரு ஓரமாகத் திரும்பி உட்கார்ந்தேன். அக்கா வந்து டப்பாவை என் மடியிலிருந்து எடுத்து நடுவில் வைத்தார்.

"இன்னாடி இது, அவங்கவங்க டப்பாவ அவங்கவங்களே முழுங்கறதுக்கு வூட்லயே குந்தி துன்னலாமே. இங்க இன்னாத்துக்கு வந்த?"

அதுதான் அந்த மரத்தடியின் சட்டம். டப்பாக்கள் எல்லாம் நடுவுக்கு வந்துவிட வேண்டும். எது யாருடையது என்பதை மறந்துவிட வேண்டும். மூடிதான் தட்டு.

எங்கள் வட்டத்தில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். சரோஜா மாடம்பாக்கத்துக்காரி. அவர்கள் வீட்டு நிலத்தையெல்லாம் பிளாட் போட்டு விற்றாகிவிட்டது, ஆனால் பேச்சில் மட்டும் விவசாயம் மிச்சம் இருந்தது. அவள் டப்பாவில் ஏரி மீன் வரும், கருவாடு வரும், மண்சட்டியில் கடைந்த கீரை வரும். மும்தாஜ் பல்லாவரம். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் என்ன விசேஷம் என்பது திங்கட்கிழமை எங்களுக்குத் தெரிந்துவிடும். ராஜேஸ்வரி குரோம்பேட்டை, வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். மிளகாய்க்குப் பயப்படாத குடும்பம். அவள் கொண்டுவரும் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டால் மத்தியான ஷிப்டில் ஒருவருக்கும் தூக்கம் வராது. நான் சேலையூர். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பம். தேங்காய் இல்லாமல் எங்கள் வீட்டில் வெந்நீர்கூட வைக்க மாட்டார்கள் என்று சரோஜா கிண்டல் செய்வாள்.

ஐந்தாவது டப்பா அக்காவுடையது. அதுதான் சங்கடம்.

உலகத்துச் சாப்பாட்டையெல்லாம் அப்படி நேசித்த ஒருவருக்குச் சமைக்க வரவே வராது. கொஞ்சம் சுமார் என்று சொல்லி மழுப்ப முடியாத அளவுக்கு மோசம். சாம்பாரில் பருப்பு தனியாக, தண்ணீர் தனியாக நிற்கும். உருளைக்கிழங்கு வெளியே கருகி, உள்ளே மண் வாசனையோடு இருக்கும். குழம்பில் பச்சைப் புளி நாக்கைக் கூசும். அந்த டப்பாவை யார் எடுப்பது என்பதில் எங்களுக்குள் கண்ணாலேயே ஒரு பேச்சுவார்த்தை நடக்கும். அக்காவுக்கும் அது தெரியும். "சண்டை போட்டுக்காதீங்கடி, நானே துன்னுக்கறேன்" என்று சிரித்துக்கொண்டே இழுத்துக்கொள்வார்.

ஒரு நாள் கேட்டே விட்டேன். "ஏன்க்கா, இவ்வளவு நுணுக்கமா ருசி தெரியுதே, ஏன் சமைக்க வரமாட்டேங்குது?"

"கொழம்பு கொதிக்கசொல்ல ஒரு வாசன வரும் பாரு, அத்த என்னால தாங்க முடியலடி. துன்னணும்னு ஆயிடுது. எறக்கிடறேன்."

"காலர் மட்டும் இவ்வளவு பொறுமையா தைக்கிறீங்களே?"

"துணியில இன்னா வாசன வருது?"



சம்பள வாரத்துச் சனிக்கிழமைகளில் அக்கா எங்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் ஒரு நாயர் கடையில் புட்டும் கடலையும். ஏர்ஃபோர்ஸ் ரோட்டில் வடக்கத்தியார் ஒருவர் சாயங்காலம் மட்டும் போடும் ஜிலேபி. பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு லீவு போட்டுவிட்டுப் போனால் சந்தை வாசலில் சுண்டல். ஒரு தடவை மின்சார ரயிலில் பீச் ஸ்டேஷன் வரைக்கும் போய், பர்மாவிலிருந்து வந்த ஒரு அம்மா தள்ளுவண்டியில் விற்ற அத்தோ சாப்பிட்டோம். நூடுல்ஸில் வறுத்த வெங்காயமும் புளித்தண்ணீரும் ஊற்றி அந்த அம்மா கையாலேயே பிசைந்து கொடுத்தார். அக்காவுக்கு அன்றைக்கு ஒரே ஆனந்தம். "பாத்தியா, கண்ணு முன்னாடியே பெசையறாங்க. இதுக்கு யார் கைனு கேக்கவே வேணாம்" என்று ரயிலில் திரும்பி வரும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

கேம்ப் ரோட்டில் ஒரு பரோட்டாக் கடை. நாங்கள் சாப்பிட்டு முடித்ததும் பரோட்டாக் கல்லில் நின்றிருந்தவர் பெருமையாக, "நல்லா இருந்துச்சாம்மா?" என்று கேட்டார்.

"பரோட்டா நல்லாக் கீதுண்ணா, அது உங்க கை. சால்னா உங்க கை இல்ல. அது யார் கை?" என்றார் அக்கா.

அவர் பின்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி ஒரு பெண் எட்டிப் பார்த்தார். வெங்காயம் உரித்துக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அக்கா அங்கிருந்தே, "அந்தக் கை நல்லா இருக்கணும்கா!" என்று கத்தினார். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதற்குப் பிறகு நாங்கள் எப்போது போனாலும் சால்னா வாளியை அந்தப் பெண்ணே தூக்கிக்கொண்டு வந்து எங்கள் தட்டில் ஊற்றுவார்.

இந்தக் குணத்தால் வம்பும் வந்திருக்கிறது. ஒரு கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக்கு எல்லாரையும் அழைத்திருந்தேன். அம்மா பயறும் வெல்லமும் சேர்ந்த முந்திரிக்கொத்தும் கை முறுக்கும் தட்டில் வைத்து, "எல்லாம் நானே செஞ்சது, எடுத்துக்கோங்க" என்றாள். அக்கா ஒரு முந்திரிக்கொத்தைக் கடித்தார். கண்ணை மூடினார்.

"மாவுல முக்கி சுட்டது நீங்கதாம்மா. உருண்ட புடிச்சது வேற கை."

அம்மாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! உண்மையில் உருண்டை பிடித்துக் கொடுத்தது பக்கத்து வீட்டு ஆன்ட்டி. எப்படித் தெரிந்தது என்று நான் தனியாகக் கேட்டதற்கு அக்கா சொன்ன விளக்கம் இன்னும் மோசம். "முறுக்கப் பாரு, ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு. உருண்ட மட்டும் ஒரே அளவா கீது. யாரோ பொறுமசாலி புடிச்சிருக்காங்க." நல்லவேளை, இது அம்மா காதில் விழவில்லை.

அன்று ராத்திரி அம்மா, "அந்தக் காலர்காரிய இனிமே பண்டிகைக்குக் கூப்பிடாதே" என்றாள். அடுத்த வருஷம் அவளே, "எங்க அந்தக் காலர்காரி, வரலியா? வந்தா சொல்லு, இந்தத் தடவை உருண்டையும் நான்தான் பிடிச்சேன்னு" என்றாள்.

கம்பெனி வேன் ஓட்டியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கரணைக்காரர். காலையில் அங்கிருந்து கிளம்பி, வழியில் செம்பாக்கத்தில் அக்காவையும் மற்றவர்களையும் ஏற்றிக்கொண்டு வருவார். அதிகம் பேசமாட்டார். மத்தியானம் வேனுக்குள்ளேயே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தனியாகச் சாப்பிடுவார். யாராவது தனியாகச் சாப்பிட்டால் அக்காவுக்குத் தாங்காது. ஒரு நாள் ஒரு மூடியில் ராஜேஸ்வரியின் ஊறுகாயும் மும்தாஜ் வீட்டுக் கறியும் வைத்து, "டிரைவரண்ணா, இந்தாங்க" என்று கொண்டுபோய்க் கொடுத்தார். சும்மா வாங்கிக்கொள்ள அவருக்குக் கூச்சம் போலிருக்கிறது. அதே மூடியில் தன் டப்பாவிலிருந்து கத்திரிக்காய் காரக்குழம்பு கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தார்.

அக்கா திரும்பி வந்து உட்கார்ந்தார். ஒரு விரல் தொட்டு நக்கினார். மறுபடியும் தொட்டு நக்கினார். நாங்கள்தான், "யார் கைக்கா?" என்று கேட்க வேண்டியிருந்தது.

"அவங்க அம்மாவாம்" என்றார் மெதுவாக. "கல்யாணத்துக்கெல்லாம் ஆக்கிப் போடறவங்களாம்."

மறுநாளிலிருந்து 'டிரைவரண்ணா' வெறும் 'டிரைவர்' ஆகிவிட்டார். சரோஜாதான் முதலில் கவனித்தாள். "இன்னாக்கா, அண்ணா எங்க போச்சு?"

"வேன்லயே வுட்டுட்டு வந்துட்டேன், போடி."

"உனக்கு ஆளப் புடிச்சிருக்கா, கொழம்பப் புடிச்சிருக்கா?"

"ரெண்டும் ஒரே வூட்லருந்துதானே வருது!"

அதன்பிறகு தினமும் மூடி போனது, மூடி வந்தது. அக்கா வெறும் பாராட்டோடு நிறுத்துகிறவர் இல்லையே. "கடுகு ரவ தீஞ்சி போச்சுனு அம்மாவாண்ட சொல்லுங்க" என்று சொல்லி அனுப்புவார். அடுத்த நாள் டிரைவர் வந்து, "ஆமாவாம், தாளிக்கசொல்ல பால்காரர் கூப்ட்டாராம்" என்று பதில் கொண்டுவருவார். பார்த்தே இராத இரண்டு பெண்கள் ஒரு வேன் டிரைவரைத் தபால்காரர் ஆக்கிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் அந்தத் தபால்காரருக்கும் ஏதோ ஆகிவிட்டது என்பது, வேனின் முன் சீட்டில் துவைத்த துண்டு ஒன்று தினமும் விரிக்கப்பட்டபோது எங்களுக்குப் புரிந்தது. அந்தச் சீட்டில் உட்காருவது அக்கா மட்டும்தான்.

டிரைவர் தன் வீட்டில் பேசினார். அக்காவின் அம்மாவிடமும் ஆள் வந்து பேசினார்கள். குலம் கோத்திரத்தையெல்லாம் பெரியவர்கள் விசாரித்துத் திருப்திப்பட்டுக்கொண்டார்கள். அப்புறம்தான் டிரைவரின் அம்மா ஒரு நிபந்தனை போட்டார். ஒரு நாள் மத்தியானம் மரத்தடிக்கே வந்து, கையைப் பிசைந்துகொண்டு டிரைவர் அதைச் சொன்னார்.

"அம்மா ஞாயித்துக்கெழம சாப்பாட்டுக்கு வராங்களாம். பஜ்ஜி சொஜ்ஜிலாம் வேணாமாம். பொண்ணு சோறாக்கிப் போடட்டும், கை எப்படினு பாக்கணும்னு சொல்றாங்க. அவங்களுக்கும் வயசாவுதில்ல, அடுப்பாண்ட நிக்க ஒரு ஆளு வேணுமாம்."

அவர் போனபிறகு அக்கா டப்பாவை மூடிவைத்தார். அவர் சாப்பிடாமல் எழுந்த மத்தியானம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

அக்காவின் சின்ன வயதிலேயே அவருடைய அப்பா போய்விட்டார். அம்மாவுக்குக் கண்பார்வை மங்கிக்கொண்டு வந்தது. இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம் செய்துவைத்தது அக்காதான். அது முடிந்து அவர் நிமிர்ந்து பார்த்தபோது வருகிற இடமெல்லாம் வயதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனது. இதைப் பற்றி அவர் ஒருநாளும் எங்களிடம் புலம்பியதில்லை. அன்றைக்கு மட்டும் மெஷினில் உட்கார்ந்தபடி, நூலைக் கோத்துக்கொண்டே, "இந்த வூடு எனக்கு வேணும்டி" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

யோசனை சொன்னது மும்தாஜ். "நாங்க எதுக்குக்கா இருக்கோம்? ஆளுக்கு ஒண்ணு செஞ்சு எடுத்துட்டு வந்துடறோம். நீங்க பரிமாறுங்க, போதும்."

"பொய்யில்லையாடி அது?"

"பொய் இன்னாக்கா பொய், பார்சல்தானே. ஓட்டல்ல வாங்கியாந்து வெச்சா யாராச்சும் பொய்னு சொல்றாங்களா?" என்றாள் சரோஜா.

அக்கா இரண்டு நாள் முரண்டு பிடித்தார். பிறகு ஆசை ஜெயித்தது. ஆனால் ரசம் மட்டும் தானே வைப்பேன் என்று ஒரே பிடிவாதம். "ஒண்ணாச்சும் என் கை இருக்கணும்" என்றார். சரி என்றோம். "ஆனா அக்கா, அவங்க சாப்பிடும்போது தயவுசெஞ்சு வாயத் திறக்காதீங்க" என்று நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்த கையோடு தூக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு செம்பாக்கத்துக்குப் போனேன். ஏரிக்கரைக்குப் பக்கத்தில் சின்ன ஓட்டு வீடு. அக்கா புதுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, அடுப்பில் ரசத்தை வைத்துவிட்டு நின்றார். மற்ற மூன்று பேரும் எனக்கு முன்னால் வந்திருந்தார்கள். பாத்திரங்களைத் திறந்தோம்.

நான் எங்கள் ஊர்ச் சின்ன வெங்காயக் குழம்பான உள்ளித் தீயல் கொண்டுபோயிருந்தேன். தேங்காயைச் சிவக்க வறுத்து, மை மாதிரி அரைத்து, அம்மாவை அடுப்புப் பக்கம் விடாமல் நானே வைத்தது. சரோஜா விரால் மீன் குழம்பு. முந்தின நாளே வைத்து ஊறவிட்டிருந்தாள். மும்தாஜ் பருப்போடு எலும்பும் கத்திரிக்காயும் போட்ட தால்சா. ராஜேஸ்வரி புளிச்சக்கீரையைப் பருப்போடு கடைந்த பப்பு, நெய் மிதக்க மிதக்க.

எல்லாரும் பாத்திரங்களைப் பார்த்தோம். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நாலும் குழம்பு! ஒரு பொரியல் இல்லை, ஒரு கூட்டு இல்லை, ஒரு வறுவல்கூட இல்லை. ஆளுக்கு ஒன்று என்று பேசினோமே தவிர, யாருக்கு எது என்று பேசவே இல்லை. தன் வீட்டுக் குழம்பை விட்டுவிட்டுப் பீன்ஸ் பொரியல் செய்துகொண்டு வர எந்தப் பெண்ணுக்குத்தான் மனசு வரும்?

"நீ பொரியல் பண்ணிருக்கலாமில்ல?" என்றேன் சரோஜாவிடம்.

"ஏன், வாத்தியார் பொண்ணுக்குப் பொரியல் பண்ண வராதா?"

சண்டை பெரிதாவதற்குள் வாசலில் வேன் சத்தம் கேட்டது. சரோஜா ஓடிப்போய் அப்பளத்தைப் பொரிக்க ஆரம்பித்தாள்.

அந்த அம்மா குள்ளம், நல்ல பருமன். முழங்கை வரைக்கும் எண்ணெய் தெறித்த பழைய தழும்புகள். வந்ததும் பாயில் உட்கார்ந்து, இலையைத் தானே தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் டிரைவர், கம்பெனியில் கழித்துவிட்ட சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலர் மட்டும் கச்சிதமாக இருந்தது. அக்கா சோறு வைத்தார். நானும் மும்தாஜும் கூட வேலை செய்கிற தோழிகள், ஒத்தாசைக்கு வந்தவர்கள் என்ற முறையில் பாத்திரத்தோடு நின்றோம்.

அந்த அம்மா ஒவ்வொரு பாத்திரமாகப் பார்த்தார். "நாலு கொழம்பா? தொட்டுக்க ஒண்ணியும் இல்லியா?"

"அப்பளம் கீதுங்க" என்று உள்ளேயிருந்து சரோஜாவின் குரல் வந்தது.

மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். மெதுவாக மென்றார். "விரால் நல்லா ஊறிக் கீது. நீ வெச்சதா?"

அக்காவின் உதடு துடித்தது. நான் அவரையே முறைத்துக்கொண்டிருந்தேன். "ம்" என்றார்.

தால்சா. "இதுவும் நீயா?"

"ம்." அவர் கண் மும்தாஜ் பக்கம் போய்த் திரும்பியது.

மூன்றாவதாகத் தீயல். அந்த அம்மா சாப்பிட்டுவிட்டுக் கையை நிறுத்தினார். இன்னொரு வாய் எடுத்தார். "இந்த மாரி நான் ஒரு தபாகூட வெச்சதில்லியே. இத்த எப்படிம்மா வெச்ச?"

கேட்டிருக்கக் கூடாத கேள்வி. அக்காவின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. மரத்தடியில் உட்கார்ந்திருப்பதாகவே நினைத்துவிட்டார் போல.

"அது இவ கைங்க! வாத்தியார் பொண்ணு, நாகர்கோயில்காரங்க. தேங்காவ செவக்க செவக்க வறுக்கணும், கைய எடுக்கவே கூடாதாம். தால்சா இதோ, மும்தாஜு கை. எலும்ப தனியா வேவவெச்சு கடசியிலதான் சேக்கும். அந்தப் பப்பு ராஜேஸ்வரி கை, அவங்க வூட்ல மொளகா அம்மியில அரைக்கிறாங்க. மீனு உள்ள அப்பளம் பொரிக்குதே, அந்தப் பொண்ணு. நாலு கையும் நல்லா இருக்கணும்ங்க, ஒவ்வொண்ணும்..."

அங்கே பேச்சு நின்றுவிட்டது. யார் முன்னால், எதற்காக நின்றுகொண்டிருக்கிறோம் என்பது அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. மும்தாஜ் கையிலிருந்த கரண்டி பாத்திரத்தில் விழுந்தது. அக்காவின் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "இன்னாடி சொன்ன நீ?" என்றார். டிரைவர் தலையே நிமிரவில்லை.

"அப்ப உன் கை எது?" என்று கேட்டார் அந்த அம்மா.

"ரசம்" என்றார் அக்கா.

அந்த அம்மா உள்ளங்கையைக் குழித்து நீட்டினார். அக்கா ஊற்றினார். பாதி இலையில் சிந்தியது. அந்த அம்மா உறிஞ்சிக் குடித்தார். முகம் சுருங்கியது. ஆனால் மிச்சம் வைக்காமல் குடித்து முடித்தார்.

"புளி வேவவே இல்ல."

"இல்லீங்க. வாசன வந்தா என்னால தாங்க முடியாது. எறக்கிடுவேன். எனக்கு ஆக்க வராதுங்க." அக்கா தலையைக் குனிந்துகொண்டார். எல்லாம் முடிந்தது என்றுதான் நாங்களும் நினைத்தோம்.

"எம் புள்ள டெய்லி வந்து சொல்லுவான்" என்றார் அந்த அம்மா, யாரையும் பார்க்காமல். "கடுகு தீஞ்சிச்சாம், வெந்தயம் ஜாஸ்தியாம்னு. மொதல்ல எனக்கு இன்னா கோவம் தெரியுமா? யார்ரா இவ, எங்கையில குத்தம் கண்டுபுடிக்கிறவனு. அப்பால ஒரு நாளு நீ ஒண்ணியும் சொல்லி அனுப்பல. அன்னிக்குப் பூரா எனக்கு வேலயே ஓடல." அப்பளத்தை நொறுக்கி இலையில் போட்டார். "ஊருக்கெல்லாம் ஆக்கிப் போட்டுக்கீறேன். பந்தில துன்றவன் பொண்ணு வூட்டுக்காரனப் புகழ்ந்துட்டுப் போவான். அடுப்பாண்ட நிக்கறது யாருனு ஒருத்தன் எட்டிப் பாத்தது கெடயாது."

பிறகு மகன் பக்கம் திரும்பினார். "டேய், நாளு பாக்க சொல்லு. ஆனா இவள அடுப்பாண்ட மட்டும் வுட்டுடாத."

யாருக்கும் புரியச் சற்று நேரம் பிடித்தது. அந்த அம்மா அக்காவைப் பார்த்துச் சொன்னார். "ஆக்கறது நானு. துன்னுட்டு சொல்றது நீ. சரியா?"

அக்கா அழவில்லை. தூக்கு வாளியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, "அத்த, தீயல் இன்னும் ரவ போட்டுக்குங்க" என்றார். அழுததெல்லாம் நாங்கள்தான், அடுப்படியில், சரோஜாவின் அப்பளப் புகையைச் சாக்காக வைத்துக்கொண்டு.

மாடம்பாக்கம் கோயிலில் கல்யாணம் நடந்தது. கழுத்து மாலையோடு பந்தியைத் தாண்டிப் பின்பக்கம் போய், சமையல்காரர்களிடம் வடை யார் கை என்று விசாரித்த கல்யாணப் பெண்ணை நான் அங்கேதான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு மரத்தடியில் நிலைமை தலைகீழாகிவிட்டது. அக்காவின் டப்பா அடுக்கு கேரியர் ஆனது. மணி அடித்ததும் நாங்கள் முதலில் பாய்வது அதன் மேல்தான். அக்காவுக்கு மிஞ்சுவது மூடி ஓரத்தில் ஒட்டிய குழம்புதான். அதை வழித்துக்கொண்டே, "எங்க அத்த கைடி" என்று தினமும் சொல்வார். எங்களுக்குத் தெரியாதது போல. அந்த வருஷங்கள் சந்தோஷமான வருஷங்கள். எனக்குக் கல்யாணம் ஆனது, ராஜேஸ்வரிக்குக் குழந்தை பிறந்தது, மும்தாஜ் சூப்பர்வைசர் ஆனாள். மரத்தடியின் சட்டம் மட்டும் மாறவில்லை.

நான் வேலையை விடுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு மத்தியானம். கேரியரைத் திறந்தால் கத்திரிக்காய் காரக்குழம்பு. எங்கள் எல்லாருக்கும் பிடித்தது. மூடியில் ஊற்றிப் பிசைந்து வாயில் வைத்தோம். நாலு பேரும் மெல்லுவதை நிறுத்தினோம். உப்பு. கடல் தண்ணீர் மாதிரி உப்பு.

சரோஜாவுக்கு வாய் சும்மா இருக்காதே. "யார் கைக்கா இது?" என்று கேட்டுவிட்டாள்.

அக்கா கேரியரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, "என் கைதான்டி" என்றார். "அத்தைக்கு ஒடம்பு நோவு, நான் வெச்சேன். உப்பு ரெண்டு தபா போட்டுட்டேன் போல."

அக்காவின் கையை எங்களுக்குத் தெரியாதா? அவர் வைத்தால் புளி பச்சையாக இருக்கும், காய் வேகாமல் இருக்கும், அவசரத்தில் இறக்கிய குழம்பு நீர்த்துப்போய் இருக்கும். இந்தக் குழம்பு அப்படி இல்லை. கத்திரிக்காய் வெண்ணெய் மாதிரி வெந்திருந்தது. எண்ணெய் பிரிந்து மேலே மிதந்தது. பொறுமையாக நின்று, கொதிக்கவிட்டு, பதம் பார்த்து இறக்கிய ஒருவர், உப்புப் போட்டதை மட்டும் மறந்துபோய் மறுபடியும் போட்டிருந்தார். எந்தக் கை என்று கேட்கவே வேண்டியதில்லை.

வாழ்க்கையில் ஒரு கையையும் மறைக்காதவர் அந்தக் கையை மறைத்தார். சரோஜா என்னைப் பார்த்தாள். நான் மும்தாஜைப் பார்த்தேன். அக்கா கேரியரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "நீங்க வுடுங்க, நானே துன்னுக்கறேன்" என்றார்.

சரோஜா தன் மூடியை நீட்டினாள். "எனக்கு இன்னும் ரவ ஊத்துக்கா."

நானும் நீட்டினேன். மும்தாஜும் ராஜேஸ்வரியும் நீட்டினார்கள். அக்கா ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, சமமாக ஊற்றினார். வழித்துச் சாப்பிட்டோம். "உன் கை நல்லா இருக்கணும்கா" என்றாள் சரோஜா. அன்று ஷிப்ட் முடியும்வரை நாங்கள் ஐந்து பேரும் மாற்றி மாற்றி ஷெட்டு மூலைப் பானைக்குப் போய்த் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தோம்.